தூண்டில் முள்ளும் ஈரக் கையும்

இங்கிலாந்தின் ஏரிக்கரைகளில் விந்தையானதொரு கல்வி நடைபெற்று வருகிறது. தூண்டிற்கோல் ஏந்திப் புதிதாக வரும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும், மீனைப் பிடிக்கும் வகையோடு, பிடித்த மீனை நோகாமல் ஏந்தும் வகையையும், அதன் வாயிலுள்ள புண்ணுக்கு மருந்திடும் வகையையும், மீண்டும் நீரில் விடும் வகையையும் மூத்தவர்கள் கற்றுக் கொடுக்கிறார்கள். மீனைத் தொடத் தெரியாதவன் தூண்டிலைத் தொடலாகாது என்பது அவர்களிடையே எழுதாச் சட்டம். பல ஏரிகளில் அது எழுதிய சட்டமாகவே பலகையில் தொங்குகிறது.

அம்மீன் 'கார்ப்' எனப்படும் கெண்டையினத்துப் பெருமீன். நம் கடைத்தெருவில் விற்கும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அது உறவு. ஆயினும் அந்நாட்டுத் தூண்டிற்காரர்கள் அதனை உண்பதில்லை. பிடிப்பார்கள், நிறுப்பார்கள், புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். பின்னர் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் வேறொருவர் தூண்டிலில் அதே மீன் மறுபடியும் சிக்கும்.

இதனைக் கேள்வியுறும் நம்மவர் பலர் முதலில் சிரிப்பர். சமைக்காத மீனுக்கு இத்தனை உபசாரமா என்பர். சிரித்து முடித்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும். பசிக்காக அன்றிப் பொழுதுபோக்குக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளை மாட்டிவிட்டு, அந்த முள்ளை மெல்ல எடுத்து மருந்திட்டு வழியனுப்புவது கருணையாகுமா? அல்லது நெஞ்சின் உறுத்தலை அடக்கிக்கொள்ளும் சடங்குதானா?

இக்கேள்வியை நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் குடியேறி வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளித் தோழர்களோடு இந்த ஏரிகளுக்குச் செல்கிறார்கள். இது கூடுமா, கூடாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஒரு சொல்லில் தீர்ப்புரைப்பது ஆலிம்களின் பணி; அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே வேறு சில கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அவை இங்கிலாந்தோடு முடிந்துவிடுபவை அல்ல. நம் வீட்டு அடுப்படி வரை வருபவை.

முதலில், அங்கே கற்பிக்கப்படுவது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதற்பாடம் கையைப் பற்றியது. மீனின் உடல்மேல் வழுவழுப்பான ஒரு படலம் இருக்கிறது. நமக்கு அது கையை வழுக்கச் செய்யும் அழுக்காகத் தோன்றும். மீனுக்கோ அதுவே ஆடை, அதுவே காவல். நோய்க்கிருமியும் பூஞ்சையும் உடலுக்குள் புகாமல் தடுப்பது அது. உலர்ந்த கை பட்டால் உரிந்து போகும். ஆகவே தொடுமுன் கையை நனைத்துக்கொள் என்பது முதல் விதி. கை மட்டுமன்று, மீனைக் கிடத்தும் மெத்தையும், நிறுக்கும் தொட்டிலும், அள்ளும் வலையும் நனைந்திருத்தல் வேண்டும். வெயிலில் கிடந்து சுட்டுப்போன மெத்தையின்மேல் மீனைக் கிடத்துபவனை மூத்தவர்கள் கடிந்துகொள்வர்.

இரண்டாவது பாடம் உயரத்தைப் பற்றியது. பெரிய மீனைப் பிடித்தவனுக்கு எழுந்து நின்று, அதனை மார்போடு தூக்கிப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் ஆசை இயல்பாகவே எழும். அதுவே கடுமையாக விலக்கப்பட்ட செயல். மண்டியிட்டு, மெத்தைக்கு ஒரு சாண் மேலாக மட்டுமே மீனை ஏந்த வேண்டும். திமிறி விழுந்தாலும் மெத்தையில் விழும். நீர் தாங்கி வளர்த்த உடல் அது. நீரை விட்டு எடுத்த கணத்தில் தன் எடையே அதற்குப் பாரமாகிவிடுகிறது. இடுக்கி, தராசு, புகைப்படக் கருவி ஆகிய யாவும் மீன் கரைக்கு வருமுன்னரே எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். மீனைத் தரையில் போட்டுவிட்டுப் பையைத் துழாவுபவன் பாடத்தில் தோற்றவன். கோடைகாலமாயின் இன்னும் விரைவு வேண்டும். 10 பாகை குளிர்ந்த நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கும். 25 பாகையில் அது 8 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். போராடிக் களைத்த மீன் மூச்சு வாங்கத் திரும்பிச் செல்லும் நீரே மூச்சுக் குறைந்த நீராக இருக்கிறது.

மூன்றாவது பாடம்தான் நம்மை வியக்க வைக்கிறது. தூண்டில் நரம்பில் ஈயக்குண்டு கட்டுவார்கள் அல்லவா? நரம்பு அறுந்து மீன் தப்பிவிட்டால், அந்தக் குண்டு தானே கழன்று விழும்படி அதனைக் கட்டவேண்டும் என்பது விதி. அவ்வாறு கட்டாவிடில், தப்பிய மீன் குண்டை இழுத்துக்கொண்டே திரியும். நீர்ச்செடியிலோ வேரிலோ நரம்பு சிக்கிக்கொள்ள, நகர முடியாமல் கிடந்து மாளும். யாரும் அதனைப் பார்க்கப் போவதில்லை. தூண்டிற்காரனும் மீன் தப்பிவிட்டதென்று அடுத்த இரையைக் கோத்துக்கொண்டிருப்பான். தன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தன்மேல் எவரும் பழி சுமத்த முடியாத நிலையில் நேரக்கூடிய ஒரு சாவைத் தடுப்பதற்காக, கரையில் அமர்ந்திருக்கும்போதே முடிச்சைச் சரிபார்க்கச் சொல்கிறது அந்தப் பாடம். யாரும் காணாவிடினும் இறைவன் காண்கிறான் என்ற உணர்வோடு செயலாற்றுவதே இஹ்ஸான் என்று படித்தவர்கள் நாம். இந்த முடிச்சைப் பற்றிக் கேட்டபோது நமக்கு அச்சொல்லே நினைவுக்கு வந்தது.

கடைசிப் பாடம் விடைகொடுத்தல். மீனைத் தண்ணீரில் வீசலாகாது. நிமிர்ந்த நிலையில் நீருக்குள் பிடித்திருந்து, செவுள்கள் சீராக அசைவதைக் கவனித்து, அது தன் வலுவால் கையை விட்டு நீங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரம் கூடாது. அது எப்போது போகவேண்டும் என்பதை மீனே தீர்மானிக்கும் என்கிறார்கள்.

இத்தனை பரிவும் எங்கிருந்து வந்தது? டான்யூப் ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இந்த மீன் இங்கிலாந்துக்கு வந்தது உணவாகத்தான். 1496இல் அச்சான தூண்டில் நூலொன்று, கெண்டை அந்நாட்டில் அரிது என்று குறிக்கிறது. பின்னர் குளங்களில் வளர்த்தார்கள், உண்டார்கள். காலப்போக்கில் கடல்மீன் உள்நாட்டிற்கும் எளிதாக வரவே, சேற்று மணம் கொண்ட கெண்டை தட்டிலிருந்து இறங்கிவிட்டது. (இதே இனம் 1939இல் இலங்கை வழியாக நம் நீலகிரிக்கும் வந்து சேர்ந்தது, நாம் அதனைத் தட்டிலேயே வைத்துக்கொண்டோம்.) தட்டிலிருந்து இறங்கிய மீன் அங்கே வேறோர் ஆசனத்தில் ஏறிக்கொண்டது. 1952 செப்டம்பர் 13ஆம் நாள் ஹெர்ஃபோர்டுஷையரிலுள்ள ரெட்மயர் என்னும் சிறு குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் 44 இராத்தல், அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கெண்டையொன்றைப் பிடித்தார். அதனை அவர் கொல்லவில்லை. லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பி வைத்தார். கிளாரிஸா என்று பெயர் சூட்டப்பெற்ற அம்மீன் 1971 வரை அங்கே கண்ணாடித் தொட்டியில் வாழ்ந்தது. மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

அதன்பின் மீன்களுக்குப் பெயர் வைப்பது வழக்கமாயிற்று. பீட்டர்பரோ நகருக்கருகில் ஓர் ஏரியில் வாழ்ந்த பென்ஸன் என்னும் பெண்மீன் மிகவும் புகழ்பெற்றது. அதன் முதுகுத் துடுப்பில் சிகரெட் சுட்டதுபோல ஒரு துளை இருந்தது; பெயருக்கு அதுவே காரணம் என்பர். உச்ச நிலையில் 64 இராத்தல், ஏறத்தாழ 29 கிலோ எடை இருந்தது. தன் வாழ்நாளில் அறுபதுக்கு மேற்பட்ட தடவை அது தூண்டிலில் சிக்கியதாகச் சொல்கிறார்கள். 2009 ஜூலையில் அது இறந்து மிதந்தபோது நாளேடுகள் இரங்கற் செய்தி வெளியிட்டன. சரியாக வேகவைக்காத ஒருவகைக் கோரைக்கிழங்கை யாரோ இரையாகப் போட்டதால் இறந்ததோ என்று ஐயுற்றோர் உண்டு; அது மெய்ப்பிக்கப்படவில்லை.

அறுபது தடவை! இந்த எண்ணின்மீது நாம் சற்று நிற்கவேண்டும். அறுபது தடவை முள் தைத்தது. அறுபது தடவை முள் எடுக்கப்பட்டது. அத்தனை தடவையும் ஈரக் கைகள் அதனை ஏந்தின. அம்மீன் அத்தனை காலம் உயிரோடிருந்ததற்கு அந்த ஈரக் கைகளே காரணம் என்பதை மறுக்க முடியாது. அத்தனை தடவை முள் தைத்ததற்கும் அதே கைகளே காரணம்.

மீனுக்கு வலிக்குமா என்று உடனே கேட்கத் தோன்றும். தூண்டிற்காரர்களில் பழைய தலைமுறையினர் வலிக்காது என்றே சொல்லி வந்தார்கள். நெதர்லாந்து அறிஞர் பேகெமா 1970இல் வெளியிட்ட ஆய்வு கெண்டையைப் பற்றியதே. ஒரு தடவை தூண்டிலில் சிக்கி விடுவிக்கப்பட்ட கெண்டை, பின்னர் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் தூண்டிலில் எளிதில் சிக்கவில்லை என்று அவர் கண்டார். ஒரே அனுபவம் போதுமானதாக இருந்திருக்கிறது. 2003இல் லின் ஸ்னெடன் என்னும் பெண் அறிஞரும் அவர் குழுவினரும் எடின்பரோவில் டிரவுட் மீனை ஆராய்ந்தனர். அதன் முகத்தில் தீங்கை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டனர்; உதட்டில் தேனீ நஞ்சோ காடியமிலமோ செலுத்தப்பட்ட மீன், உடலை ஆட்டிக்கொண்டும் உதட்டைச் சரளையில் தேய்த்துக்கொண்டும் இரையை மறந்திருந்ததையும் பதிவு செய்தனர். இதனை மறுப்போரும் உண்டு. மனிதனுக்கு உள்ளது போன்ற மேல்மூளை மீனுக்கு இல்லை, ஆகவே அதற்கு வலி என்னும் உணர்வும் இல்லை என்று அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ரோஸ் 2002இலும், ஆஸ்திரேலியாவின் பிரையன் கீ 2016இலும் வாதிட்டனர்.

அறிஞர்களின் வழக்கு நடக்கட்டும். ஐயத்துக்குரியதில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நமக்கு ஒரு சொல் இருக்கிறது: பேணுதல். விலக்கப்பட்டதோ என ஐயம் எழும் உணவை ஒதுக்கி வைப்பதில் காட்டும் பேணுதலை, வலிக்குமோ என ஐயம் எழும் உயிரிடத்தில் காட்டுவதற்குத் தடையென்ன? சரளையில் உதட்டைத் தேய்க்கும் மீனுக்கு மேல்மூளை இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, அந்த உதட்டில் முள்ளை ஏன் மாட்டினோம் என்று எண்ணுவது நமக்கு நெருக்கமான வேலை.

பெருமானார் (ஸல்) அவர்களின் தோழர் இப்னு உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றிருக்கிறது. இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அதன்மீது அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தனர். குறி தவறும் அம்பெல்லாம் பறவைக்குச் சொந்தக்காரனுக்கு என்பது அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். இப்னு உமர் (ரலி) வருவதைக் கண்டதும் சிதறி ஓடினர். உயிருள்ள எதனையும் இலக்காக்கி விளையாடுவோரை நாயகம் (ஸல்) சபித்தார்கள் என்று அவர் கண்டித்தார்.

நம் உள்ளத்தைத் தொடுவது அந்த ஒப்பந்தந்தான். விளையாட்டில் நேர்மை இருந்தது. எய்பவனுக்கும் உடையவனுக்கும் இடையே நியாயமான பங்கீடு இருந்தது. அந்தப் பங்கீட்டில் பறவைக்கு மட்டும் பங்கில்லை. இங்கிலாந்தின் கெண்டைக்கு ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. மெத்தை, மருந்து, ஈரக் கை, கழன்று விழும் ஈயக்குண்டு ஆகியவையே அப்பங்கு. அந்த அளவுக்கு இது முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்வதே நீதி. இலக்கு இலக்காகவே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

இன்னொரு செய்தி அபூதாவூதில் வருகிறது. பயணத்தின்போது தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை சிறகை விரித்துத் தவித்தது. அண்ணலார் (ஸல்) அதனைக் கண்டு, குஞ்சுகளைப் பறித்து இதனைத் துயரப்படுத்தியவர் யார் என வினவி, திருப்பிக் கொடுத்துவிடும்படி பணித்தார்கள். இங்கே திருப்பிக் கொடுத்ததோடு தவறு முடிந்துபோகிறது. மறுநாளும் எடுத்து, மறுநாளும் திருப்பிக் கொடுக்க அங்கே யாரும் காத்திருக்கவில்லை. ஏரிக்கரையில் மீனைத் திருப்பி விடுவதோ, மறுபடியும் பிடிப்பதற்கு வசதியாக. இரண்டிலும் ஓர் உயிர் தன் இடத்துக்கே செல்கிறது. வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. செயலின் மதிப்பை எண்ணத்தில் தேடவேண்டும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருப்பது இத்தகைய இடங்களுக்காகத்தான் போலும்.

இவ்வாறு சொல்வதால் அந்தத் தூண்டிற்காரர்களைப் பாசாங்குக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. எளிதான தீர்ப்பை நாம் விரும்பவில்லை. டெர்வென்ட் ஆற்றை நகரின் சாக்கடையும் ஆலைக் கழிவும் மின்நிலையத்தின் சுடுநீரும் பாழ்படுத்தியபோது, டெர்பி நகராட்சியையும் ஒரு பெரிய ஆலையையும் மின்வாரியத்தையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது ஒரு தூண்டிற்காரர் சங்கம். 1953இல் மேல்முறையீட்டு மன்றமும் அவர்களுக்கே வெற்றியளித்தது. அந்த ஆற்றிலிருந்த மீன்களுக்காக வேறு யார் வழக்காடியிருப்பார்? அவர்கள் உதறிய சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்தபோது, 1987இல் அவ்வகை ஈயம் தடைசெய்யப்பட்டது; வேறு உலோகத்துக்கு மாறிக்கொண்டார்கள். கரையில் மணிக்கணக்காக அமர்ந்து நீரையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நீரின்மேல் ஒரு பாசம் உண்டாகிவிடுகிறது. நோவு தரும் கையும் காக்கும் கையும் ஒன்றாகவே இருப்பதுதான் இந்த வழக்கின் சிக்கல்.

இதே கெண்டையைப் பற்றி ஐரோப்பாவின் வேறு நாடுகள் நேரெதிராக எண்ணுகின்றன என்பதையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. ஜெர்மனியில் 1972இன் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தக்க காரணமின்றி முதுகெலும்புள்ள உயிரைக் கொல்வதும் அதற்குக் கடும் துன்பம் தருவதும் குற்றம். உண்பது தக்க காரணம். பிடித்து விடுவதற்காகவே பிடிப்பது அவ்வாறன்று என்ற கருத்து அங்கே வலுவாக இருக்கிறது. அங்குள்ள மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் தேர்வெழுதித் தேறாமல் தூண்டிலிட முடியாது. அந்தத் தேர்வுக்குப் படிக்கும் புதியவன், மீனைத் தலையில் அடித்து உணர்விழக்கச் செய்து, பின் உடனே குத்திக் கொல்லும் முறையைக் கற்றுக்கொள்கிறான். (அந்தச் சிறு தடிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'பாதிரியார்'. இறுதிச் சடங்கு செய்து வைப்பவராம்.) சுவிட்சர்லாந்திலோ, விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பது 2009 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமோ, வழக்கமான மீன்பிடித்தலில் நிகழ்பவை எதற்கும் இச்சட்டம் பொருந்தாது என்று விலக்களித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஆகவே ஒரு நாட்டில் புதியவனுக்கு விரைவாகக் கொல்லக் கற்பிப்பது கருணை. இன்னொரு நாட்டில் கொல்லாமல் விடக் கற்பிப்பது கருணை.

இரண்டும் நேரில் மோதிக்கொண்ட காலமும் உண்டு. 2004இல் போலந்து முதலிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின், அங்கிருந்து பலர் வேலை தேடி இங்கிலாந்துக்கு வந்தனர். போலந்துக்காரருக்குக் கெண்டை கிறிஸ்துமஸ் விருந்தின் சிறப்பு உணவு. அவர்களில் சிலர் ஏரியில் பிடித்த கெண்டையை வீட்டுக்குக் கொண்டுபோயினர். பெயர் சூட்டி வளர்த்த மீனைத் தின்றுவிட்டார்கள் என்று உள்ளூர்த் தூண்டிற்காரர்கள் கொதித்தெழுந்தனர். கொண்டுபோகலாகாது என்ற அறிவிப்புகள் போலிஷ் மொழியிலும் நடப்பட்டன. ஏரி மீன் உரிமையாளரின் உடைமை. அவர் ஒப்புதலின்றி எடுத்தது தவறே, அதில் ஐயமில்லை. ஆயினும் உண்பதற்காக மீன் பிடித்தவர் கொடியவர், விளையாட்டுக்காகப் பிடித்தவர் அன்பர் என்று அந்நாட்களில் எழுந்த பேச்சை நம்மால் ஏற்க முடியவில்லை. கடலில் வேட்டையாடுவதையும் அதன் உணவையும் இறைவன் நமக்கு ஆகுமாக்கியிருப்பது உண்டு பயனடைவதற்காக. வீணுக்குக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் முறையிடும் என்று நஸாயீயில் ஒரு செய்தி உண்டு; பயனுக்காக அன்றி விளையாட்டுக்காக என்னைக் கொன்றான் என்பதே அதன் முறையீடு. மார்க்கச் சட்ட அறிஞர்கள் விளையாட்டு வேட்டையை வெறுத்ததும் இந்த அடிப்படையிலேதான். போலந்துக்காரரின் சட்டி, இந்த அளவுகோலில், இங்கிலாந்துக்காரரின் தராசைவிட உயர்ந்தே நிற்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு நம்மவர் மகிழ்ந்திருக்கலாம். மீன் நமக்கு ஹலால். நாம் உண்பதற்காகப் பிடிக்கிறோம். ஆகவே நாம் இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் இல்லை என்று. அத்தனை விரைவாக இறங்கிவிட வேண்டாம்.

மீனுக்கு அறுப்பு இல்லை. ஆட்டையும் கோழியையும் பிஸ்மி கூறி, கத்தியைத் தீட்டி, ஒரே வீச்சில் அறுக்க வேண்டும் என்று ஷரீஅத் வகுத்தது. மீனுக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. அது நமக்களிக்கப்பட்ட சலுகை. அந்தச் சலுகையை நாம் என்ன செய்துவிட்டோம்? அறுக்க வேண்டியதில்லை என்பதை, எப்படி வேண்டுமானாலும் செய்யலாம் என்று படித்துக்கொண்டோம். நம் ஊர்ச் சந்தையில் விரால் மீன் உயிரோடு துள்ளத் துள்ளச் சாம்பலில் புரட்டப்படுவதையும், அந்தத் துடிப்போடேயே செதில் சுரண்டப்படுவதையும் நாம் கண்டிருக்கிறோம். தொட்டி நீரில் நீந்தும் கட்லாவை எடுத்து, வாங்குபவர் அவசரப்படவே, உயிர் அடங்குமுன் வயிற்றைக் கீறுவதையும் கண்டிருக்கிறோம். கூடையோடு நிற்கும் நாம் விலையில் ஐந்து ரூபாய் குறைப்பதில் கருத்தாயிருக்கிறோம். கைப்பிடித்து நிற்கும் குழந்தை மட்டும் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 'இன்னும் ஆடுதே!' என்று அது சொன்னால், 'புது மீன்மா, அதான்' என்று பெருமையோடு பதில் சொல்கிறோம்.

எல்லாவற்றிலும் செவ்வையாக நடக்கும்படி அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், கொல்வதானாலும் அழகிய முறையில் கொல்லுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், அறுக்கப்படுவதை ஆறுதற்படுத்துங்கள் என்றும் பொருள்படும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதில் எல்லாவற்றிலும் என்றுதான் இருக்கிறது. மீன் நீங்கலாக என்று இல்லை. ஆட்டைக் கிடத்திவைத்து அதன் கண்ணெதிரே கத்தி தீட்டியவரை, இதனை இரு முறை சாகடிக்கப் போகிறாயா என்று நாயகம் (ஸல்) கேட்டதாகவும் அறிவிப்பு உண்டு. உயிருள்ள மீனை அப்படியே நெருப்பிலிடுவது பற்றிக் கேட்கப்பட்டபோது இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அதனை விரும்பவில்லை என்று ஹன்பலீ நூல்கள் சொல்கின்றன. மீன் கறி ஆகுமா என்பது அங்கே கேள்வி அன்று, அது ஆகும். மீனுக்கு நேரும் அவதியே அங்கே கேள்வி. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இமாமின் சபையில் எழுந்த அந்தக் கேள்வி, இன்று நம் மீன் சந்தையில் எழுவதில்லை.

ஆகவே, மீனை மெத்தையில் கிடத்தும் இங்கிலாந்துச் சிறுவனைப் பார்த்து நாம் சிரித்தோமே, அந்தச் சிரிப்பை நாம் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவனுடைய தேவை பொய்யாக இருக்கலாம். அவன் கற்ற ஒழுங்கு மெய்யானது. நமக்கோ தேவை மெய். ஒழுங்கை எங்கோ கைநழுவ விட்டுவிட்டோம். தமிழில் ஈரம் என்றால் நனைவு என்றும் பொருள்; இரக்கம் என்றும் பொருள். கையை நனைத்துக்கொள் என்று தொடங்கும் ஒரு பாடத்தை, இம்மொழி பேசும் நாம் வேற்றாரிடமிருந்து கேட்க நேர்ந்ததைப் பற்றி வருந்துவதா, மகிழ்வதா என்று தெரியவில்லை.

இனி, பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு நமது எண்ணத்தைச் சொல்கிறோம். தோழர்களோடு ஏரிக்குச் சென்று, ஈரக் கையால் மீனை ஏந்தப் பழகும் பையனைக் கெட்டுப்போனவன் என்று எண்ணி வீட்டுக்குள் பூட்டுவது தேவையற்றது. ஒன்றைத் தொடுமுன் அதற்கு நோகுமா என்று நினைக்கக் கற்ற கை அது. ஆனால் ஏன் பிடிக்கிறாய் என்ற கேள்வியை அவனிடம் கேட்க வேண்டியவர் பெற்றோரே. ஏரிப் பலகையில் அந்தக் கேள்வி எழுதப்பட்டிருக்காது. பையன் நல்ல பதில் சொல்லாமற் போகலாம். கேள்வி அவனோடு கரைக்குப் போனால் போதும். அத்தோடு, உண்பதற்கு வழியுள்ள இடத்துக்கு அவனை அழைத்துச் செல்லலாம். இங்கிலாந்திலேயே டிரவுட் மீன் ஏரிகள் பல உண்டு. சீட்டு வாங்கினால் அதில் குறித்த எண்ணிக்கை மீனைக் கொன்று வீட்டுக்குக் கொண்டுவரலாம். கடற்கரையோ இன்னும் எளிது. ஆற்றிலும் ஏரியிலும் தூண்டிலிட அரசின் உரிமச்சீட்டு வேண்டும். 13 முதல் 16 வயது வரையுள்ளோருக்கு அது இலவசம், அதற்கும் இளையோருக்குத் தேவையே இல்லை. கடலில் கோல் வீச எவருக்குமே சீட்டு வேண்டியதில்லை. கோடையில் துறைமுகச் சுவரில் நின்றால் கானாங்கெளுத்தி கிடைக்கும். பிடித்தவுடன் தலையில் ஓர் அடி. மூச்சுத் திணற வாளியில் துடிக்க விடலாகாது என்பதை அப்பா செய்து காட்டட்டும். மாலையில் அம்மா அதனைப் பொரிக்கட்டும்.

அங்கேயும் ஒரு சிறு சிக்கல் வரும். தோற்றத்தில் நம் கொடுவாவை நினைவூட்டும் 'பாஸ்' என்னும் மீன் அக்கரைகளில் தூண்டிலுக்கு அகப்படும். 42 செண்டிமீட்டருக்குக் குறைந்த பாஸை வைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடங்கொடாது. கடலிலேயே விட்டுவிட வேண்டும். உண்ணும் எண்ணத்தோடு வந்தவன் உண்ண முடியாத மீனைப் பிடித்துவிட்டான்; வாயில் முள் இருக்கிறது; மீன் பாறையில் துள்ளுகிறது; அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கெண்டை ஏரியில் பாடம் கேட்ட பையன் இருந்தால், குனிந்து அலையில் கையை நனைத்துக்கொள்வான்.